கோடிட்ட இடத்தை யார் நிரப்புவது?

தமிழில் விமர்சனம் எழுதுகிறவர்கள் எதையெதையோ வாசித்திருக்கிறோம். சங்கப்பாடல், சிறுகதை, மொழிபெயர்ப்பு நாவல், சினிமா வசனம், ஏன், சுவரொட்டி வரைக்கும். ஆனால் 2007-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த லட்சக்கணக்கான குழந்தைகள் முதன்முதலில் கையில் எடுத்த பிரதியைப் பிரதியாகவே வைத்து அபூர்வமாகத்தான் பேசியிருக்கிறோம். அது புத்தகம்கூட இல்லை. ஒரு அட்டை. செயல்வழிக் கற்றல், பேச்சுவழக்கில் ஏ.பி.எல். அட்டை. இதை வாசிக்கிற உங்களில் சிலர் அந்த அட்டையில் எழுத்துக் கூட்டியவர்களாகவே இருக்கலாம். உங்கள் இலக்கிய வாசிப்பின் முதல் பக்கம் அதுதான்.

அந்த முதல் பக்கத்தை ஜவ்வாது மலையில் வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. காரணம் இருக்கிறது. ‘விளையாட்டாகப் படிப்பது’, ‘குழுவாகக் கற்பது’ என்ற பேச்சு நகரத்தில் ஒரு ரசனை விஷயமாக முடிந்துவிடும். மலையில் அப்படி முடியாது.

1

முதலில் பிரதியின் வடிவம். செயல்வழிக் கற்றல் வகுப்பறைக்குள் பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், கரும்பலகை. ஆளுக்கொரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப்பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். வருகையைப் பிள்ளையே பதிவு செய்யும். சுவரில் கற்றல் ஏணி. அதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், அந்தச் சின்னத்துக்கு ஒரு அட்டை. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் முழுதாக உதவுகிற குழு, பாதி உதவுகிற குழு, கூடப்படிக்கிற பிள்ளை உதவுகிற குழு, அந்தப் பிள்ளையும் பாதிதான் உதவுகிற குழு, தானே செய்கிற குழு, கடைசியாக மதிப்பீடு. ஆக ஆறு.

இதைக் கல்வித் திட்டமாகப் பார்க்காமல் ஒரு வாசிப்பு வடிவமாகப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து, ஒருவர் சொல்ல மற்றவர்கள் கோரஸ் பாடுகிற பழைய வடிவம் இங்கே உடைகிறது. முப்பது வாசகர்கள் முப்பது பக்கங்களில் இருக்கிறார்கள். இரண்டு வாரம் வராமல்போன பிள்ளை திரும்பி வந்தால் வகுப்பு எங்கேயோ போயிருக்காது. விட்ட படி அப்படியே காத்திருக்கும். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊரோடு போய்விட்டு வருகிற மலைப்பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வகுப்பறை அந்தப் பிள்ளையை ‘லாங் ஆப்சென்ட்’ என்று எழுதியது. ஏணி அப்படி எழுதவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் இவ்வளவு நாகரிகமான வடிவம் கொண்டவை குறைவு.

2

இந்த வடிவம் எங்கே பிறந்தது? ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில். சுற்றியிருந்த சிற்றூர்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற நான்கு வகுப்பும் சும்மா உட்கார வேண்டும். அந்த நெருக்கடியில்தான் பத்மநாப ராவும் ரமாவும் அட்டையையும் ஏணியையும் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது தத்துவத்தால் மட்டும் வந்ததல்ல. ஆள் இல்லாததாலும் வந்தது. அந்த ஊர்ப்பக்கத்துக் கதைகளும் பாட்டுகளும் அட்டைக்குள் வந்தன.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதைப் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. 2007-இல் மாநிலம் முழுவதும், 30,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு. பாறைக்குன்றுகளுக்கு நடுவே பிறந்த முறை, பெருநகரத்துக்குப் போய், அச்சகத்துக்குப் போய், லாரியில் ஏறி மறுபடி மலைக்கு வந்தது.

வழியில் ஒன்று தொலைந்துபோனது. ரிஷிவேலியில் அட்டை என்பது அந்தப் பகுதிக்காரர்கள் உட்கார்ந்து செய்தது. மாநில அளவுக்கு வந்தபோது எல்லோருக்கும் ஒரே அட்டை. திருநெல்வேலிக்கு வருவதுதான் ஜமுனாமரத்தூருக்கும். நியாயமாகப் பார்த்தால் வேறு வழியில்லை, முப்பதாயிரம் பள்ளிக்கு முப்பதாயிரம் அட்டை அச்சடிக்க முடியாது. ஆனால் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி அந்த நியாயத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. உள்ளூர்த்தன்மை என்பது அந்த முறையின் மேலே போட்ட அலங்காரமா, இல்லை அதன் உயிரா?

3

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு இங்கேதான் உற்பத்தியாகிறது. சாமை, பலா, புளி, தேன், கடுக்காய். இங்கே வாழ்கிற பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள், வனத்துறையே நடத்துகிற பள்ளிகள் என்று இங்கே பள்ளிக்கூடங்களே பல நிர்வாகங்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

இந்த மக்கள் பேசுவது தமிழ். சிக்கலும் அங்கேதான். ஒரு தோடர் குழந்தைக்குத் தமிழ்ப் பாடநூல் கொடுத்தால் ‘தாய்மொழி வேறாச்சே’ என்று யாராவது கேட்பார்கள். மலையாளிக் குழந்தைக்குக் கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அதுவும் தமிழ், இதுவும் தமிழ். வீட்டில் பேசுகிற தமிழுக்கும் அட்டையில் இருக்கிற தமிழுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் கணக்கில் வராத பள்ளம். வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதிவிடலாம். கூச்சம் யாருடைய தமிழைக் கேட்டு வந்தது என்று எழுத மதிப்பீட்டுப் படிவத்தில் இடமில்லை.

ஈடுபாடு, பங்கேற்பு என்கிற வார்த்தைகளுக்கு இங்கே என்ன எடை என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். அந்தச் சாவுகளுக்குப் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று சொல்வது அபத்தம். வறுமை, தரகர்கள், துப்பாக்கி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பாதியில் பள்ளியை விட்டு வந்த ஒரு பையன் முன்னால் இருக்கும் வழிகள் என்ன என்பது இந்த மலையில் உயிர்சம்பந்தப்பட்ட கேள்வி. பிள்ளைக்கு வகுப்பு பிடித்திருக்கிறதா என்பதை ஏதோ சொகுசுக் கேள்வி போல் கேட்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

4

இப்போது அட்டைக்குள் போகலாம். படித்துப் பார், சொல்லிப் பார், இணைத்துக் காட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பு. எல்லாமே வினை. பிள்ளை ஏதோ செய்துகொண்டே இருக்கிறது. பழைய பாடநூல் ‘கேள்’ என்றது, இது ‘செய்’ என்கிறது. முன்னேற்றம்தான்.

ஆனால் கோடிட்ட இடம் என்பது என்ன? ஒருவர் ஒரு வாக்கியத்தை முழுதாக எழுதிவிட்டு, அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, ‘இப்போ நீ எழுது’ என்கிறார். வாக்கியம் அவருடையது. விடையும் அவரிடம் இருக்கிறது. பிள்ளைக்குக் கிடைப்பது கண்டுபிடிக்கிற வேலை. பூங்கா, தபால் நிலையம், மாடிப்பேருந்து படங்களுக்குப் பெயர் எழுதச் சொல்லும் ஓர் அட்டையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சென்னைப் பிள்ளைக்கு அது நினைவுகூர்தல். மலைப்பிள்ளைக்கு அது மனப்பாடம். ஒரே அட்டை, ஒரே செயல்பாடு, ஒரே மதிப்பெண். ஒருவருக்கு மொழி, இன்னொருவருக்குத் தண்டனை.

குழுச் செயல்பாட்டுக்கும் இதே கதை. நான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் அது கூட்டுக்கற்றல் ஆகிவிடாது. நான்கு பேர் சேர்ந்து, ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த ஒரு விடையைத் தேடினால் அது நான்கு பேர் செய்கிற தனித்தேர்வு. அதில் வேகமான ஒரு பிள்ளை எழுதும், மூன்று பிள்ளைகள் பார்த்து எழுதும். வகுப்பறை கலகலவென்று இருக்கும், பார்க்கிற அதிகாரிக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆடு மேய்ப்பதிலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதிலும் ஒருவரையொருவர் நம்பியே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூட்டாக வேலைசெய்வது எப்படி என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாதது, அந்தக் கூட்டுவேலையைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான். பள்ளி அதைத்தான் தர வேண்டும்.

5

சரி, வகுப்பறையைப் பற்றித் தமிழில் வந்த இலக்கியம் இந்த இடத்தில் நமக்கு உதவுகிறதா?

நாம் எல்லோரும் பரிந்துரைக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறது. டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’, கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’, இரா. நடராசனின் ‘ஆயிஷா’, ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’. இவை தமிழ்நாட்டு ஆசிரியர்களில் ஒரு தலைமுறையை மாற்றியவை, சந்தேகமில்லை. ஆனால் விமர்சனம் என்று வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது: இந்தக் கதைகளில் பேசுகிறவர் யார்?

1932-இல் குஜராத்தியில் வந்த ‘பகல் கனவு’ ஓர் ஆசிரியரின் குரல். லட்சுமிராம் நான்காம் வகுப்பை ஒரு வருடம் சோதனைக்கு வாங்குகிறார். முதல்நாள் அமைதி விளையாட்டு படுதோல்வி. பிள்ளைகள் கத்தித் தீர்க்கிறார்கள். மறுநாள் கதை சொல்கிறார், வகுப்பு வசமாகிறது. அந்த முதல்நாள் தோல்வியை எழுதியதால்தான் புத்தகம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனாலும் ஆண்டு முடிவில் ஜெயிப்பது லட்சுமிராம். பிள்ளைகள் அவருடைய சோதனைக்குச் சாட்சி. ‘ஆயிஷா’வும் ஓர் ஆசிரியை சொல்வது, அவர் எழுதிய அறிவியல் நூலுக்கு முன்னுரையாக. கேள்வி கேட்ட சிறுமி, அடி வலிக்காமல் இருக்கத் தன்மேலேயே மருந்தைச் சோதித்துச் செத்துப்போகிறாள். பிழைத்திருப்பது ஆசிரியையின் குற்றவுணர்வு. டோட்டோ-சானில் மட்டும்தான் பிள்ளையே பேசுகிறது, அதுவும் 1981-இல், புகழ்பெற்ற நடிகையாக வளர்ந்த பிறகு, 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோன ஒரு பள்ளியை நினைத்து.

ஆக இந்த வகைமையின் நாயகன் ஆசிரியர். பிள்ளை அவருடைய கருணைக்கு ஆதாரம். இன்றைக்கு இந்த வகைமை ரீல்ஸ் ஆகியிருக்கிறது. 2022-இல் பெருந்தொற்றுக்குப் பிறகு அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, பொம்மலாட்டம், முகமூடி என வகுப்பறை மறுபடி களைகட்டியது. ஆசிரியர்கள் ஆடிப்பாடுகிற காணொளிகள் நம் எல்லோர் அலைபேசிக்கும் வருகின்றன. அவற்றில் பலவற்றில் உண்மையான உழைப்பு இருக்கிறது, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆசிரியருக்கு முன்னால். பிள்ளைகள் பின்னால் அதே அசைவைத் திரும்பச் செய்கிறார்கள். பழைய கோரஸ்தான், இப்போது தாளத்தோடு.

இந்தப் பக்கத்திலேயே வேறு விதமான முயற்சியும் இருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில், புளியானூரில் இயங்கும் குக்கூ காட்டுப்பள்ளி, அதைச் சுற்றி உருவான ‘தும்பி’ சிறுவர் இதழ், தன்னறம் நூல்வெளி. இணைய வாசகர்களுக்கு இவை தெரிந்த பெயர்கள். ஓர் அழகான புத்தகம் குழந்தையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம் அவர்களுடையது. நான் இங்கே தேடுவது எதிர்த்திசையில் வருகிற பிரதியை. குழந்தையின் கையிலிருந்து நமக்கு வருவதை.

6

அப்படி ஒரு பிரதி உலகத்தில் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’. ஜே. ஷாஜஹான் தமிழில் தந்தது. இத்தாலியின் பார்பியானா என்கிற மலைக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளியிலிருந்து தோற்றுத் துரத்தப்பட்ட விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். பெரிய பிள்ளை சின்ன பிள்ளைக்குச் சொல்லித்தரும். அங்கே படித்த எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம்தான் இந்தப் புத்தகம். 1967-இல் வெளிவந்தது. அடுத்த மாதமே மிலானி இறந்துபோனார்.

எட்டுப் பேர் எப்படி ஒரு புத்தகம் எழுதினார்கள் என்பதைப் புத்தகத்துக்குள்ளேயே சொல்கிறார்கள். தோன்றுவதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதுவது, ஒரு சீட்டுக்கு ஒரு எண்ணம். ஒருநாள் எல்லாச் சீட்டையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே விஷயம் இரண்டு முறை வந்திருந்தால் எடுத்துவிட்டு, சேர்ந்து போகிறவற்றை அடுக்காக்குவது. ஒரு அடுக்கு ஓர் அத்தியாயம். பிறகு வெட்டுவது. தேவையில்லாத சொல், ஜோடனைச் சொல், தங்களுக்கே புரியாத சொல் எல்லாம் போகும். வெளியாட்களிடம் வாசித்துக் காட்டி, அவர்களுக்குப் புரியாததை மாற்றுவது. எந்தெந்த வகுப்பில் யார் வீட்டுப் பிள்ளை தோற்கிறது என்று நாட்டின் புள்ளிவிவரங்களைத் தோண்டி அட்டவணையும் போட்டார்கள்.

கூட்டுக்கற்றல் என்றால் இதுதான். இங்கே யாரும் ஆடவில்லை, பாடவில்லை. பல மாதம் உட்கார்ந்து அடித்துத் திருத்தினார்கள். கடைசியில் மேசைமேல் கிடந்தது, தொடங்கும்போது எந்த ஆசிரியரிடமும் இல்லாத ஒரு பிரதி. ஒரு வகுப்பறைச் செயல்பாட்டை எடைபோட எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் அதுதான்: முடிந்தபிறகு தாளில், ஆசிரியரின் திட்டத்தில் இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறதா?

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. அறிவொளி இயக்கத்தின் பாடநூலில் முதல் பாடமே ‘பட்டா’ என்ற சொல்லைக் கற்றுத்தந்தது. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே செய்த மாதிரி, எழுத்தைத் தனியாகப் பழக்காமல் வாழ்க்கையில் கனக்கிற ஒரு சொல்லை எடுத்து அதிலிருந்து எழுத்தைப் பிரிப்பது. ‘பட்டா’ என்று எழுதிப் போட்டால் கற்க வந்தவர் சும்மா இருக்க மாட்டார், ‘எங்க நெலத்துக்கு இன்னும் வரலியே’ என்பார். பேச்சு தொடங்கிவிடும். 2006-இன் வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பட்டா என்ற சொல்லுக்கு மலையில் இன்னும் கனம் கூடியிருக்கிறது. பெரியவர்களுக்கு நம்பிக் கொடுத்ததை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம்?

7

ஜவ்வாது மலையில் சொல்லுக்குப் பஞ்சமா? காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைப் பதிவுசெய்த இடங்களில் அதுவும் ஒன்று. 1986-இல் அமைந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, இங்கே இரவு இருட்டாக இருப்பதால்தான் இங்கே நிற்கிறது. மலையின் வேறு இடங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று ஊரில் கதை. நான்கைந்து பிள்ளைகள் ஒரு கல்திட்டையை அளந்து, பாட்டியிடம் கதை கேட்டு, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முயன்றால் என்னவாகும்? அளவு ஒன்று சொல்லும், கதை இன்னொன்று சொல்லும். எதை முதலில் எழுதுவது, பாட்டியின் சொல்லை அப்படியே எழுதலாமா, ‘நல்ல தமிழில்’ மாற்ற வேண்டுமா என்று சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். எழுத்தாளர்கள் தினமும் போடுகிற சண்டையும் அதுதான்.

இதற்கு எதிராக வலுவான ஒரு கேள்வி உண்டு, அதை ஒதுக்க முடியாது. ‘எங்க பேச்சு எங்களுக்கே தெரியும் சார், எங்க பிள்ளைக்கு உங்க தமிழையும் இங்கிலீஷையும் சொல்லித்தாங்க’ என்று ஒரு பெற்றோர் கேட்டால் என்ன பதில்? 2024-இல் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானபோது மாநிலமே கொண்டாடியது. அவர் வென்றது எழுத்துத் தேர்வில், சட்டத்தின் மொழியில். கதை எழுதி நீதிபதி ஆக முடியாது.

சரியான கேள்வி. பதிலும் பார்பியானாவிலேயே இருக்கிறது. மிலானி பிள்ளைகளைத் தங்கள் பேச்சுவழக்கோடு நின்றுவிடச் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களின் மொழி ஏழைக்குக் கைவர வேண்டும் என்பதுதான் அவருடைய வெறி. ஆனால் அந்த மொழி கோடிட்ட இடத்தை நிரப்பி வராது, தனக்குச் சொல்ல இருப்பதை அதில் சொல்லித்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன் வாக்கியத்தைப் பத்துமுறை அடித்துத் திருத்திய பிள்ளை, அடுத்தவர் வாக்கியத்தை, அது சட்டமாகவே இருந்தாலும், பயமில்லாமல் வாசிக்கும்.

இரண்டாவது தடை இன்னும் எளிமையானது: நேரம். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும், பதிவேடு, பயிற்சி, கூட்டம். இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். இவரிடம் போய் ‘பிள்ளைகளோடு சேர்ந்து புத்தகம் எழுதுங்கள்’ என்று கட்டுரை எழுதுகிறவன் சொல்வது சுலபம். அதனால் ஆசிரியரிடம் கேட்பதைவிட அட்டை தயாரிக்கிறவர்களிடம் கேட்கிறேன். ஏணியில் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரே ஒரு படியை வெறுமையாக விடுங்கள். அச்சடிக்காத அட்டை. அந்த ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து எழுதி, அடுத்த வருடம் வருகிற பிள்ளைகள் அதை வாசிக்கட்டும். செலவு ஒன்றும் இல்லை, வெள்ளை அட்டையின் விலைதான். ரிஷிவேலியிலிருந்து வரும் வழியில் தொலைந்துபோனதை இப்படித் திரும்பக் கொண்டுவர முடியும்.

நம்மிடமும் ஒன்று கேட்க வேண்டும். கீழ்மட்டக் கரும்பலகையில் பிள்ளைகள் எழுதுவது சாயங்காலம் அழிந்துபோகிறது. கம்பிப்பந்தலில் தொங்குவது பழுப்பேறிக் கிழிகிறது. இலக்கிய இதழ்கள் புதிய எழுத்தாளர்களைத் தேடுவதாகச் சொல்கின்றன. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து ஒரு வகுப்பு சேர்ந்து எழுதிய நான்கு பக்கம் வந்தால், அதை ‘குழந்தைகள் பகுதி’யில் படத்தோடு போட்டுவிட்டு நகராமல், மற்ற எந்தப் பிரதியையும் போல எடுத்துவைத்து, எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று எழுத நம்மில் யார் தயார்? தட்டிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு வாசிக்கத் தொடங்கும்போதுதான் அந்தப் பிள்ளைகளை எழுதுகிறவர்களாக மதிக்கிறோம்.